'நா' என்று மட்டும் எழுதியிருந்தேன்

போன ஞாயிற்றுக்கிழமை ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பேயில் சிவநேசன் அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு. மீன் குழம்பும் கத்தரிக்காய்ப் பொரிச்ச கறியும் முடிந்து நாங்கள் சோபாவில் சாய்ந்திருந்த நேரம் டிவியில் செய்தி வந்தது. எங்கோ ஒரு மூலையில் இரண்டு தரப்பாக நின்று அடித்துக்கொண்டிருந்தவர்களை ஒரு நாடு கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசவைத்திருக்கிறதாம். இரண்டு பேர் கைகுலுக்கினார்கள். நடுவில் அந்த நாட்டு அமைச்சர் பல் தெரியச் சிரித்தார்.

"உவை சும்மா செய்யினமோ?" என்றார் சிவநேசன் அண்ணன். "எல்லாம் தங்கட பேருக்கு. எங்கட ஊருக்கும் ஆக்கள் வந்தவை தானே. கோட்டுப் போட்டுக் கை குடுத்துப் படம் எடுத்தவை. பிறகு?"

"நீங்கள் பேசாமல் தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்றாள் அவர் மனைவி யோகா.

அவர் கோபத்துக்குக் காரணம் உண்டு. இலங்கையில் தன் ஊரில் அவர் கட்டிய வீட்டில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. அவர்களும் இருந்த இடத்தைச் சண்டையில் இழந்து வந்தவர்கள்தான், மலையகத்துப் பூர்வீகம். சிவநேசன் அண்ணன் இங்கிருந்து மூன்று கடிதம் போட்டார். மூன்றும் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தன என்று யோகாவே சொல்லியிருக்கிறாள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அதிலிருந்து சமாதானம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு எரிகிறது.

நான் இந்த மாதிரிப் பேச்சுகளில் வாயைத் திறப்பதில்லை. அடுத்தவர் பேச்சையே பேசிப் பிழைத்தவளுக்குச் சொந்தக் கருத்து என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். ஆனால் அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது.

"அண்ணே, அந்த நாட்டுக்காரங்க மேசையில நான் உக்காந்திருக்கேன். பார்த்ததைச் சொல்லட்டுமா?" என்றேன்.

அங்கே படபடவென்று சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். நாட்டின் பெயர், தீவின் பெயர், ஆட்களின் பெயர் எதுவும் வராது. ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டவள் நான். அந்த மேசையில் எழுதிய ஒப்பந்தம் வெளியாகி யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருப்பதாலும், அதில் ஒரு சொல் எப்படி வந்தது என்பதைச் சொல்லிக்கொள்ளலாம் என்று அந்த நாட்டின் தூதரே எனக்கு எழுத்தில் அனுமதி தந்திருப்பதாலும் இவ்வளவு தைரியம்.

நான் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், தேவாலயத்தில் ஆங்கிலம். கல்யாணமாகி ஆக்லாந்துக்கு வந்த புதிதில் விரி என்ற புறநகரில் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினேன். மலாய் தெரிந்த ஆள் வேண்டும் என்று மருத்துவமனையில் யாரோ சொல்ல, மாலை வகுப்புக்குப் போய், தேர்வு எழுதி, மொழிபெயர்ப்பாளர் ஆனேன். பிறகு மருத்துவமனை, நீதிமன்றம், குடிவரவு அலுவலகம் என்று இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது.

இந்த வேலையில் முதலில் கற்றுத் தருவது 'நான்' என்ற சொல்லை. திருடன் "நான் எடுத்தேன்" என்றால் நானும் "நான் எடுத்தேன்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவர் எடுத்தாராம்" என்று சொல்லக் கூடாது. எனக்கென்று ஏதாவது சொல்ல நேர்ந்தால், "மொழிபெயர்ப்பாளர் பேசுகிறார்" என்று யாரோ மூன்றாம் ஆள் மாதிரி தொடங்க வேண்டும். இத்தனை வருடத்தில் அப்படித் தொடங்க வேண்டிய நாள்கள் குறைவு. அதில் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கதை.

மலாய் பேசும் ஒரு தீவுப் பகுதி. மலேசியா அல்ல, அதற்கு மேல் கேட்காதீர்கள். அங்கே ஒரு சின்னத் தீவிலிருந்த மூன்று கிராமத்து ஆட்களைச் சண்டைக் காலத்தில் கிளப்பி எதிர்க்கரைக்கு அனுப்பிவிட்டார்கள். பதினோரு வருடமாகத் தகரக் கொட்டகையில் இருந்தார்கள். ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. திரும்பினால் தீவின் ஒரே படகுத்துறை வழியாக ஆயுதம் வரும் என்பது அரசின் பயம். துறையில் கடற்படை நின்றால் மறுபடி அடி விழும் என்பது கிராமத்தாரின் பயம். பருவமழைக்கு முன் ஒத்துப்போனால்தான் கூரை போட்டுக் குடியேற முடியும். தவறினால் இன்னொரு வருடம் தகரம்தான்.

இதில் நடுவராக வந்ததுதான் அந்த நாடு. என் பள்ளிக் காலத்தில் அதன் பெயர் செய்தியில் வந்தால் பஞ்சம், இல்லாவிட்டால் வெள்ளம். இப்போது அதன் விமானத்தில் ஏறித்தான் பாதிப் பேர் ஆக்லாந்துக்கே வருகிறோம். பெரிய நாடுகளின் வரிசையில் தனக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்று அது நினைத்தது உண்மை. சிவநேசன் அண்ணன் சொன்ன பேர் ஆசை இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அந்தப் பேரை எடுக்க அவர்கள் பட்ட பாட்டை நான் கிட்ட இருந்து பார்த்தேன்.

நிருபர்கள் தொல்லை இல்லாத தூரத்தில், இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட இடம் என்று ஆக்லாந்தைப் பிடித்தார்கள். ஆல்பனியில் ஷாப்பிங் மாலுக்குப் பின்னால் ஒரு சாதாரண அலுவலகக் கட்டடத்தில் ஒரு மாடி. கீழே பல் டாக்டர், மேலே காப்பீட்டுக்காரர்கள். நடுவில் ஒரு யுத்தத்தை முடிக்கப் பார்க்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

அந்த நாட்டின் சிறப்புத் தூதர் அறுபதைத் தாண்டியவர். குட்டையான ஆள், கோட்டு எப்போதும் ஒரு அளவு பெரியது. முதல் நாள் வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "உங்களுக்கு எந்தக் காது நன்றாகக் கேட்கும்?"

இத்தனை வருடத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. வலது என்றேன். கிராமத்தாரின் தரப்பு என் வலப்பக்கம் வரும்படி மேசையையே திருப்பிப் போடச் சொன்னார். பிறகு நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கையால் அளந்தார். அரசுத் தரப்பின் நாற்காலிகள் இரண்டு விரல் அதிக உயரம். எல்லாவற்றையும் இறக்கி ஒரே மட்டமாக்கிவிட்டுத்தான் டீ குடித்தார்.

மேசையில் கொடி கிடையாது, தங்கள் நாட்டுக் கொடி உள்பட. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். தினமும் காலையில் ஒரு வழக்கம். நேற்று எதிர்த்தரப்பு என்ன சொன்னது என்பதை இந்தத் தரப்பு தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று அவர்கள் தலையாட்டினால்தான் அடுத்த பேச்சு. இரண்டாம் நாள் இந்தத் தலையாட்டலுக்கே பதினொரு மணி ஆகிவிட்டது. அரசுத் தரப்புக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் இதை நர்சரிப் பள்ளி என்றார். "ஆமாம், நானும் சேர்ந்துதான் படிக்கிறேன்" என்றார் தூதர்.

கோபம் வந்தால் ஜன்னலைத் திறப்பது அவர் பழக்கமாம். ஆல்பனி கட்டடத்தில் ஜன்னல் திறக்காது. ஆகவே எழுந்து போய்க் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்து உட்காருவார். நான்காம் நாளுக்குள் கண்ணாடியில் அவர் விரல் அடையாளம் நிரந்தரமாகிவிட்டது.

கிராமத்தாருக்காகப் பேசியது ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியை. மலாயில் ஆசிரியரை 'சிக்கு' என்று கூப்பிடுவார்கள். நாங்கள் எல்லோரும், ஜெனரல் உள்பட, அவரைச் சிக்கு என்றே கூப்பிட்டோம். மெலிந்த உருவம், கனத்த குரல். ஆக்லாந்துக் குளிருக்கு மாலில் வாங்கிய ஊதா நிறக் கம்பளிச் சட்டையை ஐந்து நாளும் கழற்றவில்லை. தன் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தத் தீவைப் பார்த்ததே இல்லை என்று முதல் நாளே சொன்னார். "படம் வரையச் சொன்னால் வீட்டைச் சுற்றித் தகரம் வரைகிறார்கள்" என்றார். அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது என் குரல் இடறியது. இடறக் கூடாது, தொழிலுக்குக் குறை.

ஐந்தாம் நாள் மதியம். படகுத்துறையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி. சிக்கு பேசத் தொடங்கினார். இந்த மாதிரிக் கூட்டத்தில் ஆள் நாலைந்து நிமிடம் பேசுவார். நான் குறிப்பெடுத்துக்கொண்டே கேட்டு, அவர் நிறுத்தியதும் முழுவதையும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். குறிப்பு என்றால் வாக்கியம் இல்லை. அம்பு, வட்டம், ஒற்றை எழுத்து. என் குறிப்பு பாதி ஆங்கிலம், பாதி தமிழ். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறுவோம். என் முறை முடிய ஐந்து நிமிடம் இருந்தது. மாற வேண்டியவர் வெளியே இருந்தார். மண்டை காய்ந்துபோயிருந்தது.

சிக்கு நெடுநேரம் தங்கள் பாட்டைச் சொன்னார். எங்களைத் துரத்தினார்கள், நாங்கள் கடலில் நின்றோம், நாங்கள் காத்திருந்தோம். கடைசியில் துறையைப் பற்றி ஒரு வரி சொல்லி நிறுத்தினார். என் தாளில் இருந்தது இவ்வளவுதான்: 'துறை, நா, காவல்.'

நான் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொல்லி, "துறையை நாங்களே காவல் காப்போம்" என்ற பொருள் வரும்படி முடித்தேன்.

ஜெனரல் தன் ஃபைலை மூடினார். அவருக்குச் சந்தை மலாய் கொஞ்சம் தெரியும், ஆனால் வேகமாகப் பேசினால் என் ஆங்கிலத்தைத்தான் நம்புவார். "அப்படியானால் இவர்களுக்குச் சொந்தமாக ஒரு துறைமுகம் வேண்டும். அதைக் கொடுக்க நான் இவ்வளவு தூரம் வரவில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவர் ஆட்களும் எழுந்தார்கள். அன்று மாலையே விமானம் பார்க்கச் சொன்னது என் இடது காதிலேயே விழுந்தது.

சிக்கு என்னைப் பார்த்தார். "நான் என்ன தப்பாகச் சொன்னேன்? கொடுக்கத்தானே செய்தேன்?" என்று மலாயில் கேட்டார். அதையும் நான் தூதருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

தூதர் போய்க் கண்ணாடியைத் தட்டினார். "இடைவேளை" என்றார்.

அந்தக் கட்டடத்தில் சாப்பாடு, டீ எல்லாம் யோகாவின் பொறுப்பு. ஆம், இதே யோகாதான். அப்போது அவள் கேட்டரிங் நடத்திக்கொண்டிருந்தாள். மாடியில் ஏதோ கம்பெனிக் கூட்டம் நடக்கிறது என்று அவளுக்கு நினைப்பு. எங்களுக்குள் ஒரு பழைய வேடிக்கை உண்டு. பழகிய புதிதில் அவள் ஒரு நாள், "அக்கா, நாங்கள் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவம்" என்றாள். நான் கிறிஸ்தவள் என்பதால் கூப்பிடவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, "சரிம்மா, போயிட்டு வாங்க" என்றேன். அவள் முகம் சுண்டிவிட்டது. கூப்பிட்டுத்தான் இருக்கிறாள்! யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'நாங்கள்' என்றால் கேட்கிறவரும் அதில் உண்டு. எங்கள் மலேசியப் பேச்சில் 'நாங்க' என்றால் நீங்கள் வெளியே. உங்களையும் சேர்த்தால் 'நம்ப'. இது புரிய எங்களுக்கு ஒரு மாதம் ஆனது.

அன்றைக்கு நான் சமையலறைப் பக்கம் போய் நின்றபோது யோகா தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "என்னக்கா முகம் வாடிக்கிடக்கு? வாங்கோ, நாங்கள் சாப்பிடுவம்."

வழக்கம்போல் ஒரு கணம், 'சாப்பிடேன், என்னிடம் ஏன் சொல்கிறாய்' என்று தோன்றி, அடுத்த கணம் சிரிப்பு வர வேண்டும். சிரிப்பு வரவில்லை. அந்த 'நாங்கள்' காதிலேயே நின்றுவிட்டது.

மலாயிலும் நம்மைப் போலவே இரண்டு சொல். 'காமி' என்றால் நாங்கள், 'கித்தா' என்றால் நாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'வீ'தான். சிக்கு தங்கள் பாட்டைச் சொன்னபோதெல்லாம் காமி, காமி என்றே சொல்லிக்கொண்டு வந்தார். கடைசி வரியில் என்ன சொன்னார்? கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கனத்த குரலைத் திரும்பக் கேட்டேன். "கித்தா ஜாகா." கித்தா! நாம் காப்போம். நீங்களும் நாங்களும் சேர்ந்து காப்போம். அவர் ஜெனரலுக்குத் துறையில் பாதியைக் கொடுத்திருக்கிறார். நான் அதைப் பிடுங்கி முழுவதும் தனக்கே வேண்டும் என்று கேட்டதாகச் சொல்லியிருக்கிறேன்.

குறிப்பைப் பார்த்தேன். 'நா'. நாம் என்றாலும் 'நா', நாங்கள் என்றாலும் 'நா'. ஒரு ஆங்கிலேயர் செய்திருந்தால் அவர் மொழியில் அந்த வேறுபாடு இல்லை என்று மன்னிக்கலாம். இரண்டு சொல்லையும் தாய்ப்பாலோடு குடித்தவள் நான். ஒரு எழுத்து சோம்பல்பட்டதில் மூன்று கிராமத்தை மறுபடி தகரத்துக்குள் தள்ளிவிட்டேன்.

யோகாவின் தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். தூதரின் அறையில் அவரோடு இளம் செயலர் ஒருவர் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் செயலரின் முகம் வெளுத்தது. அது அந்த நாட்டுக்கு முதல் பெரிய மத்தியஸ்தம். "வெளியே சொல்லாதீர்கள்" என்றார். "மொழிபெயர்க்கவே தெரியாதவர்கள் என்று எங்களைத்தான் சிரிப்பார்கள். எப்படியாவது ஜெனரலை நாளை வரை நிறுத்திவைக்கிறோம். காலையில் இதையே வேறு வார்த்தையில் பூசி மெழுகிவிடலாம்."

தூதர் அவரைப் பார்க்கக்கூட இல்லை. "அந்த இரண்டு சொல்லையும் எனக்குக் காட்டுங்கள்" என்றார் என்னிடம்.

காட்டினேன். மேசைமேல் விரலால் ஒரு வட்டம் போட்டு என்னை உள்ளே வைத்தேன், அவரை வெளியே விட்டேன்; காமி. வட்டத்தைப் பெரிதாக்கி அவரையும் உள்ளே இழுத்தேன்; கித்தா.

"உங்கள் தாய்மொழியிலும் இது உண்டா?"

"உண்டு, ஐயா."

"உண்டு, ஆனாலும் தவறிவிட்டீர்கள்."

"இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கும், ஐயா. நான் அந்த எழுத்தை மட்டும் எழுதினேன்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் மெதுவாகச் சிரித்தார். "எங்களை ஆண்டவர்களும் எதற்கெடுத்தாலும் 'வீ' என்றுதான் சொல்வார்கள். அதில் நாங்கள் உண்டா இல்லையா என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை" என்றார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "வாருங்கள்."

ஆள் அனுப்பவில்லை, போன் செய்யவில்லை. தானே லிஃப்டில் இறங்கினார். ஜெனரல் வாசலில் டாக்ஸிக்காக நின்றுகொண்டிருந்தார். வளர்ந்து வரும் ஒரு பெரிய நாட்டின் தூதர், பல் டாக்டரின் விளம்பரப் பலகைக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்: "என் மேசையில் ஒரு தவறு நடந்துவிட்டது. தவறு எங்களுடையது. திருத்தாமல் உங்களை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பத்து நிமிடம் கொடுங்கள்."

'மொழிபெயர்ப்பாளரின் தவறு' என்று அவர் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அவரை ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். வேலையில் எத்தனையோ மேலதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். நல்லது நடந்தால் 'நாம்' என்பார்கள், கெட்டது நடந்தால் 'நீ' என்பார்கள்.

ஜெனரல் வந்தார். ஆனால் மேல்கோட்டைக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை. சிக்கு ஒரு பக்கம், ஜெனரல் ஒரு பக்கம். நான் எழுந்து நின்றேன்.

"மொழிபெயர்ப்பாளர் பேசுகிறார்" என்றேன். "மொழிபெயர்ப்பாளர் ஒரு தவறு செய்துவிட்டார். சிக்கு சொன்னது 'நாங்கள்' அல்ல. கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் சொல் அது. கித்தா." இதையே மலாயிலும் சொன்னேன். சிக்கு வாயில் கையை வைத்துக்கொண்டார்.

ஜெனரல் என்னைப் பார்க்கவில்லை. நேரே சிக்குவைப் பார்த்தார். ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தன் உடைந்த சந்தை மலாயில், மார்பில் விரலை வைத்து, "கித்தா? சாயா பூன்?" என்று கேட்டார். நானுமா, என்று அர்த்தம்.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அறையில் யாருக்கும் தேவைப்படவில்லை.

சிக்கு தன் துணிப்பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்து விரித்தார். பின்பக்கம் பென்சிலால் வரைந்த படம்: துறைக்கு வரும் கடல்வழி, அதில் ஒவ்வொரு பாறையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். "உங்களிடம் படகு இருக்கிறது" என்றார். "பாறை எங்கே என்று எங்களுக்குத் தெரியும். ஒருவர் மட்டும் எப்படிக் காப்பது? முதலிலிருந்தே இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், டீச்சர் சொல்வதை யார் கவனிக்கிறார்கள்?"

ஜெனரல் படத்தின்மேல் குனிந்தார். ஒரு பாறையைத் தொட்டு, இங்கேதான் தன் படகு ஒன்று உடைந்தது என்றார். சிக்கு அந்தப் பாறையின் பெயரைச் சொன்னார். மேல்கோட்டோடேயே ஜெனரல் உட்கார்ந்துவிட்டார். தூதர் எழுந்து, தானே இரண்டு கோப்பையில் டீ ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். அன்று மாலை யாரும் விமானம் ஏறவில்லை.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டபோது துறைபற்றிய பிரிவில் 'வீ' போட வேண்டாம், 'கித்தா' என்ற சொல்லையே வைக்க வேண்டும் என்றார் தூதர். சட்ட வல்லுநர்கள் குதித்தார்கள். ஆங்கிலப் பத்திரத்தில் மலாய்ச் சொல்லா, அர்த்தம் தெளிவாக இருக்காது என்றார்கள். "இதைவிடத் தெளிவான சொல் உங்கள் ஆங்கிலத்தில் இருந்தால் கொண்டுவாருங்கள், மாற்றிக்கொள்கிறேன்" என்றார். இன்றைக்கும் அது அப்படியே இருக்கிறது. கீழே சின்ன எழுத்தில் விளக்கம் எழுதிக் கொடுத்தது நான்: 'சொல்பவரும் கேட்பவரும் சேர்ந்து.'

மழைக்கு முன்பே கிராமத்தார் திரும்பிவிட்டார்கள். தூதரிடமிருந்து எனக்கு ஒரு போட்டோ வந்தது. படகுத்துறைக் காவல் குடிசை. பட்டப்பகல். உள்ளே ஒரு கடற்படைக்காரன், ஒரு கைலி கட்டிய கிராமத்தான். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்கள். பின்பக்கம் தூதரின் கையெழுத்தில் ஒரே வரி: 'காவலர்கள் தூங்குமளவுக்கு நிலைமை முன்னேறியிருக்கிறது.' நான் சிரித்தேன், அழுதேன், இரண்டையும் வீட்டுக்காரரிடம் விளக்க முடியாமல் போட்டோவைப் பைபிளுக்குள் வைத்தேன்.

இவ்வளவையும் நான் சொல்லி முடித்தபோது டிவியில் ரக்பி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை.

"நான் சாப்பிடக் கூப்பிட்டதோ?" என்றாள் யோகா. "ஏனக்கா இவ்வளவு காலமும் ஒண்டும் சொல்லேல்லை? தட்டை விட்டிட்டு ஓடினீங்கள், கறி சரியில்லையாக்கும் எண்டு நான் ரெண்டு நாள் யோசிச்சனான்."

சிவநேசன் அண்ணன் டீக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அவை உண்மையா திரும்பிப் போட்டினமோ?" என்றார்.

"ஓம் அண்ணே, போயிட்டாங்க." அவரிடம் மட்டும் எனக்கு 'ஓம்' வரும்.

"அந்த மனிசன்ரை போன் நம்பர் இருக்கோ?"

யோகா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"அவரும் ரிட்டயர் ஆயிட்டாரு அண்ணே, என்னை மாதிரி."

"அப்ப நீங்கள் எழுதுங்கோ. அந்த வீட்டில இருக்கிற ஆக்களுக்கு. நான் எழுதினால் நாலாவது வரியிலேயே கோவம் வந்திடும்."

யோகா தாளும் பேனாவும் கொண்டுவந்தாள். அவர் சோபாவின் நுனிக்கு வந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, சொல்லத் தொடங்கினார். "அன்புள்ள குடும்பத்தாருக்கு. வீட்டு விசயமா நாங்கள் இருந்து கதைச்சு ஒரு முடிவுக்கு வருவம்."

நான் பேனாவைத் தூக்கிக்கொண்டேன். "எந்த நாங்கள், அண்ணே?"

"என்ன, எந்த நாங்கள்?"

"அவங்க மலையகத்து ஆளுங்க, பேச்சு என் பேச்சு மாதிரி. 'நாங்கள்'னு எழுதினா, நீங்களும் உங்க ஆளுங்களும் தனியா உக்காந்து அவங்களைப் பத்தி முடிவெடுக்கப் போறீங்கன்னு படிப்பாங்க. முந்தின மூணு கடிதத்திலயும் அப்படித்தான் எழுதியிருப்பீங்க. அவங்களும் இதில இருக்காங்களா, இல்லையா?"

சமையலறையிலிருந்து யோகாவின் மகள் ஐஸ்கிரீம் யாருக்கு வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். யோகா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி நேரத்தில் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது என்பது தொழில் பழக்கம்.

"இருக்கினம்" என்றார் கடைசியில். "அவையும் இருக்கினம். எழுதுங்கோ."

எழுதினேன். 'நா' என்று சுருக்காமல், 'நாம்' என்று முழுதாக.